அக்கா போன கவுண்டி

டெல்லியில், முனிர்கா பஸ் ஸ்டாப்பில் ஒருவர் கரியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் எண்பதுகளில் நாங்கள் குடியிருந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது அக்கா அமெரிக்காவில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவள். இரண்டு வருஷம் முடிந்ததும் ஒரு பார்சல்தான் வந்தது. உள்ளே அவள் இருந்த கவுண்டியின் வரைபடமும் சரித்திரப் புத்தகமும் இருந்தன.

"கவுண்டின்னா நம்ம தாலுகா மாதிரி," என்று அப்பா வழவழப்பான வரைபடத்தைத் தரையில் விரித்தார். "பச்சையெல்லாம் மக்காச்சோளம். நம்ம தாமிரபரணி மாதிரி ஆறுகூட ஓடுது பாரு."

"பாதி வருஷம் உறைஞ்சு கெடக்குமாம். அதுவும் தாமிரபரணியும் ஒண்ணாக்கும்!" என்றாள் அம்மா.

அப்பா புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். பூர்வகுடிகளை விரட்டியது, கப்பலேறி வந்தவர்கள் காட்டை வெட்டிச் சோளம் விதைத்தது, ரயில் வந்தது, அவர்கள் பிள்ளைகளும் அங்கேயே வீடு கட்டிக்கொண்டது.

அம்மா மெல்லக் கேட்டாள். "வந்தவங்கள்ல ஒருத்தராவது சொந்த ஊருக்குத் திரும்பிப் போயிருக்காவளா?"

அப்பா பக்கங்களைப் புரட்டினார். "அதெல்லாம் இதுல போடல."

"எப்படிப் போடுவாவ? தங்கினவங்கதானே புத்தகம் எழுதுவாவ."

குடும்ப ஜெபத்தில் தினமும் "எம்பிள்ளையத் திரும்பக் கொண்டுவாரும்" என்று வேண்டுகிற அம்மா, அன்று அதைச் சொல்லவில்லை.

"அந்த ஊர்ச் சோளக்காட்டுக்கு நல்ல மழை தாரும், ஆண்டவரே" என்றாள்.

அப்பா ஆமென் சொன்னார்.