பாறையின் சத்தத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டவர்

ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் சவாரி ஏற்றிக்கொண்டிருந்தபோது அருணகிரி சாரின் மகன் போன் செய்தார். "அப்பா காலையில போயிட்டாருங்கண்ணா. குப்பனூர் ஊட்டுலதான் வெச்சிருக்கோம்" என்றார். ஏறியவர்களை இறங்கச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் இறந்ததற்கு ஜீப் டிரைவர்கள் கண்கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் வாகன ஆய்வாளரை நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். ஓய்வு பெறும்வரை எங்கள் மலைப்பாதையில் வண்டிகளின் சைலன்சர் சத்தத்தை அளந்தவர் அருணகிரி சார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைலன்சரை அறுத்துவிட்டு ஊரையே அலறவைத்துக்கொண்டு மேலே ஏறும் கார்களுக்கும் பைக்குகளுக்கும் அவர் எமன். "சட்டத்துல ஓர் அளவு போட்டிருக்குதுங்க. அதுக்கு மேல ஒரு டெசிபல் போனாலும் வண்டி நிக்கும்" என்பார். பெரிய இடத்து ஆள் என்று ஒருவன் போனை நீட்டினால், "அப்பறம் பேசறனுங்க. இப்ப சத்தம் போடாதீங்க, அளக்கோணும்" என்பார்.

அவர் அளப்பதைப் பார்க்கவே கூட்டம் கூடும். குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சற்றுச் சாய்வாகச் சத்தம் அளக்கும் மீட்டரை நிறுத்துவார். ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி மூன்று முறை அளப்பார். அதற்கும் முன்னால், வண்டியை அணைத்துவிட்டுச் சுற்றுப்புறச் சத்தத்தை அளப்பார். சிள்வண்டு கத்தினால் போச்சு, அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு காப்பிப் பறிப்புக் காலத்தில் என் ஜீப்பையும் நிறுத்தினார். குப்பனூர் ரோட்டில், பாறையை வெட்டி எடுத்த வளைவு அது. மீட்டர் அளவைத் தாண்டியது. சைலன்சரைச் சரிசெய்து மறுபடி காட்டும்வரை வண்டி ஓடக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். செம்மநத்தத்திலிருந்து எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் வேலையை அந்த வருஷம்தான் பிடித்திருந்தேன். வண்டி நின்றால் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேறு ஜீப்பை வைத்துக்கொள்வார், பிழைப்பே போய்விடும். எனக்கு வந்ததே கோபம்! "காது கிழியற பைக்கெல்லாம் போவுது, ஏழ ஜீப்புதான் உங்க கண்ணுக்குத் தெரியுதுங்களா?" என்று நடுரோட்டில் கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் மீட்டரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி, மீட்டர் பையோடு செம்மநத்தத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, நான் தப்புப் பண்ணிட்டனுங்க. பாறைக்குப் பக்கத்துல நிறுத்தி அளந்துட்டேன். பாறையில பட்டுத் திரும்புன சத்தத்தையும் உங்க வண்டி மேல எழுதிட்டேன்" என்றார். அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி காப்பியை நீட்டினாள். "அளந்துட்டுக் குடிக்கறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

காப்பி காயவைக்கும் களத்தின் நடுவே ஜீப்பை நிறுத்தினோம். ஆடுகளைக்கூட அந்தப் பக்கம் ஓட்டிவிட்டார்கள். சத்தம் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் சட்ட அளவைவிட ஒரு டெசிபல் கூடுதல்! "இதுக்குத்தான் பஸ் ஏறி வந்தீங்களா சார்?" என்று வெடித்தேன்.

"மொதல்ல எழுதுனது பொய்யிங்க. இது நெசம். நெசம்னு தெரிஞ்சா சரி பண்ணிப்புடலாமுங்க" என்றவர், வெள்ளைச் சட்டையோடு ஜீப்புக்கு அடியில் புகுந்துவிட்டார். குழாய் இணையும் இடத்தில் சத்தம் கசியாமல் வைக்கும் கேஸ்கட் பிய்ந்திருந்தது. நான் பஸ் பிடித்து ஏற்காடு பஜாருக்குப் போய்ப் புதிதாக வாங்கிவந்து மாட்டினேன். சாயங்காலம்வரை இருந்து மறுபடியும் மூன்று முறை அளந்துவிட்டு, "இனி ஓட்டுங்க" என்றார். அதன் பிறகுதான் காப்பி குடித்தார். மறுநாள் காலை எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றினேன்.

என்னை நிறுத்திய அன்று அந்த வளைவில் கொடுத்த சீட்டுகள் அத்தனையையும் ரத்து செய்தார். அதில் சைலன்சரை அறுத்த பணக்காரப் பையன்களும் இருந்தார்கள். அவர்களையும் தேடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். ஆபீசில் விளக்கம் கேட்டார்களாம். "என்னங்க சார் எழுதிக் குடுத்தீங்க?" என்று பிறகொரு நாள் கேட்டேன். "தப்பா அளந்துட்டேன்னு எழுதுனேன். வேற என்னத்த எழுதறது?" என்றார். அந்த ஒரு தாளால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது; கடைசிவரை வரவே இல்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைப்பட்டு நான் கேட்டதில்லை. எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை.

ஏழெட்டு ஜீப்பில் குப்பனூருக்கு இறங்கினோம். அமரர் ஊர்தி வந்து வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அதன் சைலன்சர் ஓட்டை. சாவு வீட்டில் இதையா பேசுவது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான்தான் அந்த டிரைவரிடம் போய், "வண்டிய ஆஃப் பண்ணு சாமி, நாங்களே தூக்கிக்கறோம்" என்றேன். எஞ்சின் நின்றது. அப்போதுதான் உள்ளே சார் வீட்டு அம்மா அழுவது எங்களுக்குக் கேட்டது.

சுடுகாடுவரை தோளில் சுமந்தோம். தூக்கிய நால்வரும் அவரிடம் சீட்டு வாங்கியவர்கள். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான். செய்த தப்பைச் சொல்ல அவருக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. நடுரோட்டில் அவரை அப்படிப் பேசிய நான், இத்தனை வருஷம் பழகியும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சார், அன்று பேசியது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள்.