நல்லா பாத்துக்கிட்டு இருக்காரு

எங்க ஆபீஸ்ல அவங்க பேரு ஹெட்போன் அக்கா. பதினோரு வருஷம் வீடு வீடா ஏறி இறங்கின சமூகப் பணியாளர். முட்டி தேஞ்சதும் ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சுட்டாங்க. பிள்ளை பெத்த பொண்ணுங்ககிட்ட வாரம் ஒரு தடவை வீடியோவுல பேசணும். உடம்புக்கு ஏதாவதுன்னா டாக்டரையும் அதுலயே சேத்து விடணும். "உக்காந்துட்டாலும் நாள் முழுக்கக் கால்லதான் இருக்கேன்"ன்னு சொல்லிட்டு அவங்களே சிரிப்பாங்க. பக்கத்து சீட்டுக்காரி நான் எத்தனை தடவைதான் சிரிக்கிறது?

ரெண்டு மாசக் குழந்தையோட ஒரு பொண்ணு. வீட்டுல எப்படின்னு கேட்டா வாராவாரம் ஒரே பதில்: "வீட்டுக்காரரு நல்லா பாத்துக்கிட்டு இருக்காரு." அக்காவும் 'குடும்ப ஆதரவு: நன்று'ன்னு டிக் அடிச்சிருவாங்க. மூணு வாரம், மூணு டிக்.

நாலாவது வாரம் குழந்தையைத் தோள் மாத்தினப்ப அவ சட்டைக் கை விலகுச்சு. நாலு விரல் பதிஞ்ச நீலம். கண்ணு கேமராவுல இல்ல, பக்கவாட்டுல இருக்கு. அதே பதில். அக்கா மைக்கை அணைச்சுட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அவன் கவனிச்சுக்கிறான்னு அவ சொல்லலடி. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான்னு சொல்றா. மூணு வாரமா சொல்றா!"

அக்கா மைக்கைப் போட்டு, காய்கறி விலை விசாரிக்கிற மாதிரி, "இப்பவும் பாத்துக்கிட்டு இருக்காராம்மா?"ன்னாங்க.

"எப்பவுமேக்கா. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு."

திரைக்கு வெளியே ஒரு ஆம்பளைக் கனைப்பு. பாராட்டுன்னு எடுத்துக்கிட்டான் போல.

"குழந்தைக்கு எடை பாக்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல வா. எடை ரூமுக்குள்ள அம்மாவும் குழந்தையும் மட்டும்தான்."

அப்படி ஒரு விதி எங்ககிட்ட கிடையாது. எடை ரூமே கிடையாது. பழைய ஃபைல் ரூமைப் பெருக்கி, கதவுல 'எடை ரூம்'னு காகிதம் ஒட்டினோம். மெஷின் பக்கத்து கிளினிக்ல இரவல்.

மறுநாள் அவ வருவாளான்னு வாசலை எட்டி எட்டிப் பாத்தேன். பத்து பத்துக்கு வந்தாங்க, மூணு பேரும். புருஷன் காகிதத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு வெளியே உக்காந்தான். விதின்னா மதிக்கிற ஆளு.

கதவைச் சாத்தினதும் அவ குழந்தைப் பையைத் திறந்தா. மேல நாப்கின். அடியில அவ சர்டிபிகேட்டு, குழந்தையோட பிறப்புச் சான்று, நாலு செட் துணி, சார்ஜர்.

"நான் திரும்பிப் போகலக்கா."

அக்கா பெண்கள் காப்பகத்துக்குப் போன் போட்டு, பின்வாசல் சாவியை எடுத்தாங்க. கண்ணு கலங்கிருச்சு, எனக்கும்தான். பையைத் தூக்கிப் பாத்தவங்க அசந்துட்டாங்க.

"இவ்வளவு கனத்தைக் கைக்குழந்தையோட எப்படிம்மா தூக்கிட்டு வந்த?"

"நான் எங்கக்கா தூக்கினேன்? அவருல்ல தூக்கிட்டு வந்தாரு."