மூடக்கூடாத ஜன்னல்

அலுவலகத்தில் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர். வீட்டுச் சாவியையே அடிக்கடி தொலைக்கிறவளுக்கு இப்படியொரு பட்டம்! வெளியிலிருந்து கம்பெனி சர்வருக்குள் யார் யார் நுழையலாம் என்று பதிந்து வைத்திருக்கும் சாவிகளுக்கு அவள்தான் காவல்.

கணவர் பக்கவாதத்தில் படுத்த பிறகு வீட்டிலிருந்தே வேலை. மேனேஜர் கறாரான ஆள். "ஒரு தடவை சர்வர் தகராறு ஆனாலும் ஆபீஸுக்கே வந்துடணும்" என்று சொல்லித்தான் அனுமதித்தார். போய்விட்டால் கணவரை யார் பார்ப்பது? படுத்த நாள்முதல் அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

அன்று காலை சாவிகளை இடம் மாற்றினாள். அதுவரை அவரவர் சாவி அவரவர் ஃபோல்டரில் கிடந்தது. வேலையை விட்டுப் போனவர்களுடையதும் கேட்பாரற்றுக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து, இனி அங்கே பார் என்று செட்டிங்ஸில் எழுதினாள். இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. திரையில் புது ஜன்னல் திறந்து உள்ளே போய்ப் பார்க்கும்வரை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய ஜன்னலை மூடக்கூடாது. மூடினால் வெளியிலிருந்து தப்பைத் திருத்தக்கூட வழியில்லை. எல்லோர் தலையிலும் குட்டிக் குட்டி இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

புது ஜன்னல் "அனுமதி இல்லை" என்றது. மறுபடியும் முயன்றாள். ம்ஹூம். எங்கே கோட்டை விட்டோம் என்று கீபோர்டைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"சத்தம்!"

அவருடைய குரல்! குழறலாக, ஆனால் அதே பழைய எரிச்சலோடு. கல்யாணமான நாள்முதல் அவள் கீபோர்டை அடிக்கிற அடியைத் திட்டி வந்த மனுஷர். லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு ஓடினாள்.

"என்னங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"சத்தம்" என்றார், முகத்தைச் சுளித்து.

இந்தத் திட்டுக்காக எப்படி ஏங்கிப் போயிருந்தாள்! அவர் நெஞ்சில் தலையை வைத்து விக்கி விக்கி அழுதாள். நடுவே சிரிப்பும் வந்தது.

திரும்பி வந்து மூடியைத் திறந்தபோதுதான் உறைத்தது. இணைப்பு அறுந்து, பழைய ஜன்னல் போயே போயிருந்தது. மேனேஜரின் போன் அடித்தது.

"என்னம்மா, யாராலயும் உள்ள போக முடியலையாமே? பழைய ஜன்னலை மூடக்கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுத்தது நீங்கதானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூடிட்டேன் சார். அவரு பேசினாரு."

போச்சு, நாளையிலிருந்து ஆபீஸ்தான் என்று நினைத்தாள்.

"என்ன பேசினாரு?"

"சத்தம் போடாதேன்னு திட்டினாரு சார்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சர்வர் முன்னாடிதான் நிக்கிறேன். என்ன அடிக்கணும், சொல்லுங்க."

அதற்குள் அவளுக்குத் தப்பு பிடிபட்டிருந்தது. அவரவர் சாவியை அவரவரே போட்டுக்கொள்ளட்டும் என்று, நல்ல மனசோடு புது ஃபோல்டரை எல்லோரும் எழுதும்படி விட்டிருந்தாள். அப்படித் திறந்து கிடப்பதை லாகின் புரோகிராம் நம்பாது. அவள் ஒரு வரி சொன்னாள். அவர் தடவித் தடவி அடித்தார். புது ஜன்னல் திறந்தது.

"நாளைக்கே ஆபீஸ் வந்துடறேன் சார்."

"எதுக்கு? வீட்லயே இருங்க. விதியைக் கொஞ்சம் மாத்திக்கலாம். பழைய ஜன்னலை மூடவே கூடாது. அவரு பேசினா மட்டும் மூடிடணும்."