கொப்பு கொடுக்காமல் போனவன்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இப்போது நானே சொல்கிறேன். நம்பாவிட்டால் போங்கள். குடித்திருந்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள், நான் குடிப்பதில்லை.

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடலை ஊடறுத்துப் போகும் பாதையை அகலமாக்கிய காலம். பாதி கிண்டிக் கிடந்தது, மற்றப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். வேலணை முனையில் நான் கொடி பிடித்தேன், புங்குடுதீவு முனையில் மரியநாயகம் அண்ணை. ஒரு முனையில் நிற்பவரை மற்ற முனையிலிருந்து பார்க்க முடியாது, கைபேசியும் அங்கே ஒழுங்காக எடுக்காது. அதனால் அவர் விடுகிற கடைசி வாகனத்திடம் ஒரு பூவரசங் கொப்பை, சின்னக் கிளையொன்றை, கொடுத்துவிடுவார். கொப்பு என் கைக்கு வந்தால் பாதை காலி, நான் என் பக்கத்தை விடலாம். நான் விடும்போதும் அப்படித்தான்.

ஒரு நாள் பின்னேரம், காற்றே இல்லை. கடல் தட்டையாகக் கிடந்தது. குறிகட்டுவான் துறைக்குப் போகிற பஸ் நிறையச் சனத்தோடு என் முன்னால் நின்றது. எல்லாருக்கும் நயினாதீவுக் கடைசிப் படகைப் பிடிக்கிற அவதி. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வான் வந்தது, அதை ஓட்டியவன் கொப்பைத் தந்துவிட்டுப் போனான். நான் பச்சைக் கொடியைத் தூக்கப் போனேன்.

அப்போது பாதைக்குள்ளிருந்து ஒருவன் சைக்கிளில் வந்தான். உடுத்திருந்த சாரமெல்லாம் நனைந்து தண்ணீர் சொட்டியது. கையில் கொப்பு இல்லை.

"விடாதையும் தம்பி. கடைசி நானில்லை."

"வான்காரன் கொப்பு தந்திட்டான், அண்ணை."

அவன் சைக்கிளைத் திருப்பி வந்த வழியே போய்விட்டான். ஏனென்று தெரியாது, நான் சிவப்பைத் தூக்கினேன்.

பஸ் சாரதி தலையை வெளியே நீட்டினார். "ஆரோட காணும் தனியக் கதைக்கிறீர்? படகை நீரோ மறிச்சு வைக்கப்போறீர்?"

உள்ளே இருந்து ஒரு அக்கா, "கையில கொடியைக் குடுத்தாப் போதும், எல்லாரும் இஞ்சினியர்தான்!" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அசையாமல் நின்றேன்.

சிரிப்பு அடங்கவில்லை, புழுதிக்குள்ளால் ஒரு டிப்பர் லொறி வெளிச்சமும் இல்லாமல் பாய்ந்து வந்தது. பஸ்ஸை உரசுவதுபோலக் கடந்து மணல் கும்பியில் ஏறி நின்றது. பிறேக் போய்விட்டதாம். நடுப்பாதையில் கல்லுக் கொட்டிக்கொண்டு நின்ற டிப்பர் அது. முனையால் நுழைகிறவர்களுக்கு மட்டும் கொப்பு வைத்தோமே தவிர, நடுவில் நிற்கிற எங்கள் சொந்த வண்டியை நானும் நினைக்கவில்லை, மரியநாயகம் அண்ணையும் நினைக்கவில்லை. மடையர்கள். பஸ்ஸை விட்டிருந்தால் அவ்வளவு சனமும் கடலுக்குள்.

சாரதி இறங்கி வந்தார். மழையே இல்லாத தார் ரோட்டில் ஈரமான சைக்கிள் தடம் ஒன்று வந்து, என் காலடியில் வளைந்து, திரும்பிப் போயிருந்தது. அவரும் பார்த்தார். திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

வேலை முடிந்து வீடு திரும்பும்போது மரியநாயகம் அண்ணையைக் கேட்டேன். "சைக்கிளோ? என்ர பக்கத்தால ஒண்டும் உள்ளுக்கையும் வரேல்லை, வெளியிலையும் போகேல்லையடா."

இப்போது பாதை அகலம். எதிரெதிரே வருகிற இரண்டு பஸ்கள் வேகம் குறைக்காமல் விலகுகின்றன. கொடியும் இல்லை, கொப்பும் இல்லை. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழியால் போகும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. அவன் இரண்டு முனையாலும் வெளியே வரவில்லை. எங்கள் முறைப்படி பார்த்தால், அந்தப் பாதை இன்னும் காலியாகவில்லை.