கல்லோடு வந்த சாமந்தி

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு மகளை அவள் வீட்டில் கொண்டுபோய் விடக் கிளம்பினோம், நானும் என் வீட்டுக்காரரும். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து நாமக்கல் தாண்டிப் போக வேண்டும். வழியெல்லாம் ஆக்னஸ் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். எதைப் பற்றி? புருஷனைப் பற்றியா, மாமியாரைப் பற்றியா? ம்ஹூம்... இறாலைப் பற்றி.

தொக்கு வைக்கிற இறால் இல்லை. அவள் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற இறால் – சிவப்புக் கோடு போட்டது, மீன் உடம்பில் இருக்கிற அழுக்கைக் கொத்தித் தின்கிற ரகம். அம்மா வீட்டில் இருந்த நாளெல்லாம் அதற்கு வேளாவேளைக்குத் தீனி விழுந்ததா என்று புருஷனுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கத்தை ரெகுலராகப் படிக்கிறவர்களுக்கு அவள் கல்யாணக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக. நாங்கள் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மாப்பிள்ளை கார்த்தி, நாமக்கல் பக்கம் தோட்டம் துரவோடு கோழிப் பண்ணை வைத்திருக்கிற வீட்டுப் பையன். சென்னையில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். கொஞ்ச காலம் இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தோம். அப்புறம் சம்பந்தி, கார்த்தியின் அப்பா, வயசாகிறது, பண்ணையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று மகனைக் கூப்பிட்டார். மகனோடு மருமகளும் போனாள். வேலையை விட்டுவிட்டுத்தான் போனாள்.

வீடு பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. கேட்டில் வண்டி டயருக்கு மருந்துத் தண்ணி பீய்ச்சி அடிப்பார்கள். ஆட்கள் இறங்கி, வாசலில் கட்டியிருக்கிற சின்னத் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். வெளியிலிருந்து எந்த நோயும் கோழிக்கு வந்துவிடக் கூடாதாம். யாராயிருந்தாலும் அதே சட்டம்தான். முதல் முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று, ஆரத்தித் தட்டு வருவதற்கு முன்னால் என் மகள் வலது காலை எடுத்து வைத்ததும் அந்த மருந்துத் தொட்டியில்தான். அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

குறை சொல்லக் கூடாது – மரியாதைக்குப் பஞ்சமில்லாத வீடு. ‘ங்க’ போடாமல் நாய்க்குட்டியைக்கூடக் கூப்பிட மாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். மருமகளைச் செல்லமாக ‘சாமி’ என்றுதான் அழைப்பார்கள். ஆனால் விளக்கேற்றுகிற வேலை அவளிடம் வராது. “உனக்குப் பழக்கமிருக்காது சாமி, நீ போயி உக்காரு” என்பார்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போகிற நாள் வந்தால், “அம்மா ஊட்டுக்குப் போயி நாலு நாளு இருந்துட்டு வா சாமி, பாவம், அலைச்சலு” என்பார்கள். இதில் எந்த வார்த்தையைப் பிடித்துச் சண்டை போடுவது? நீங்களே சொல்லுங்கள். இந்தத் தடவையும் அப்படித்தான் வந்திருந்தாள்.

அந்த வீட்டில் அவளுக்கு என்று ஒன்று இருக்கிறதென்றால், மாடி ரூமில் இருக்கிற அந்தக் கடல்நீர்த் தொட்டிதான். தனி உப்பு வாங்கி, ஃபில்டர் தண்ணியில் அளந்து கலந்து, ஒரு மாசம் வெறும் தண்ணியையே ஓடவிட்டுக் காத்திருந்தாள். போர் தண்ணி ஆகாதாம். அப்புறம் வந்தது கோமாளி மீன் ஜோடி ஒன்று. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அப்புறம் இறால், கண்ணாடிப் பாசியை மேய்கிற நத்தைகள். கோயமுத்தூரில் ஒருவர் தன் தொட்டியைக் கலைக்கும்போது கொடுத்த கல்லும் வந்தது. பல வருஷம் கடல் தண்ணியில் கிடந்து ஊறிய கல்.

அந்தக் கல்லோடுதான் வந்தது வினை.

ஒரு நாள் வீடியோ காலில் கூப்பிட்டாள். “அம்மா, கல்லு பொந்துல ஏதோ பூ பூத்திருக்கும்மா.” பார்த்தேன். விரல் நகம் அளவு. பழுப்பாக, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற குச்சி உடம்பு. தலையில் சுற்றிலும் மெல்லிய விரல்கள், நுனி ஊசியாக. ஸ்பூன் காம்பை அருகில் கொண்டுபோனால் சடாரென்று பொந்துக்குள் இழுத்துக்கொண்டது. கடல் சாமந்தி என்கிறார்களே, அனிமோன்... அதுதான். மீன் அதற்குள் படுத்துத் தூங்குமே, அதுவா என்று நான் கேட்டேன்.

அதுதான் இல்லையாம். மீன் குடியிருக்கிற சாமந்தி தட்டு அகலம் விரியும், பாதம் தடியாக இருக்கும், சும்மா கல்லோடு ஒட்டிக்கொண்டு வருவது அபூர்வமாம். இது வேறு ஜாதி. போட்டோ எடுத்து மீன் வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாளோ இல்லையோ, ஒருத்தர் பாக்கியில்லாமல் ஒரே கோஷம்: கொல்லு. அது களையாம். கொட்டுமாம், பெருகுமாம், தொட்டியையே பிடித்துக்கொள்ளுமாம். கிள்ளி எறிந்தால் கிள்ளிய துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைக்குமாம். சுண்ணாம்பைப் பசையாகக் கரைத்து, ஊசியில் ஏற்றி, அதன் வாயில் வைத்து அடைக்கணும் என்று ஒரு புண்ணியவான் படம் போட்டுக் காட்டியிருந்தார்.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? கல்லின் அந்த மூலையை மட்டும் உடைத்து எடுத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கடல் தண்ணி ஊற்றி, காற்றுக் குழாய் போட்டு, ஜன்னலோரம் தனிக்குடித்தனம் வைத்துவிட்டாள். குச்சி நுனியில் இறால் துணுக்கைக் குத்தி அதற்கு ஊட்டுவாள். குறைந்த தண்ணியை ஃபில்டர் தண்ணி விட்டு நிரப்புவாள். “ஏன்டி, களைன்னு தெரிஞ்சும் சோறு ஊட்டறே?” என்றேன்.

“அது என்ன பண்ணும்மா? கல்லைத் தூக்கிட்டு வந்தது நாமதானே” என்றாள்.

ஒரு நாள் சம்பந்தி மாடிக்கு வந்து பார்த்திருக்கிறார். “இது வாங்குனதா சாமி?” “இல்லீங்க மாமா, கல்லோட தானா வந்திருச்சுங்க.” “தானாவா வந்துச்சு?” மனிதர் முகம் மாறிவிட்டதாம். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் காக்காயோ குருவியோ கொண்டுவந்த நோயில் ஒரு ஷெட் கோழி மொத்தமும் போய், குழி வெட்டிப் புதைத்த குடும்பம். அந்த பயம் அவருக்குப் போகவில்லை. எனக்கும் புரிகிறது. “கேக்காம வந்தது எதையும் ஊட்டுக்குள்ள உடப்படாது சாமி. இன்னிக்கி ஒண்ணு, நாளைக்கி ஊடே அதோடதுதான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்.

சாமந்தியைத்தான் சொன்னார். ஆனால் கேட்டுக்கொண்டு நின்றது யார்? அன்றைக்கு போனில் இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டயருக்கு மருந்து அடித்தார்கள், காலை நனைத்தோம், “வாங்க சம்பந்தி, வாங்கம்மா, வாங்க” என்று வாய் நிறைய வரவேற்பு. ஆக்னஸ் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். பேக்கைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன்.

தொட்டித் தண்ணியில் லேசாக நீலம் ஓடியிருந்தது. இறால் மல்லாந்து கிடந்தது. நத்தைகள் கண்ணாடியை விட்டு உதிர்ந்து மணலில் கவிழ்ந்து கிடந்தன. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஜன்னலோரம் ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எவ்வளவு சுத்தமான மனிதர்கள் பாருங்கள்.

ஆக்னஸ் அழவில்லை. ஒரு பக்கெட்டில் மளமளவென்று உப்புத் தண்ணி கலக்க ஆரம்பித்தாள். அவசரத்தில் பாதி உப்பு தரையில் கொட்டியது.

பின்னாலேயே சம்பந்தி வந்தார். “காத்தால கோயில்லேருந்து வந்ததும் நாந்தானுங்க மருந்து உட்டேன். மயில்துத்தம். கோழிக்குப் பூஞ்சக்காளான் புடிச்சாக் குடிக்கிற தண்ணியில கலக்கறதுதானுங்க. பெரிய தொட்டியிலயும் மோட்டாருகிட்ட அந்தக் களை ஒண்ணு மொளச்சிருந்துச்சுங்க. புள்ள வரதுக்குள்ள சுத்தம் பண்ணி வெச்சரலாமுன்னு...” என்றார். முகத்தில் துளி கள்ளம் கிடையாது. நல்லது செய்த திருப்திதான் தெரிந்தது. துத்தம் கோழிக்கு மருந்து, இறாலுக்கும் நத்தைக்கும் விஷம் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சொல்ல வேண்டிய மருமகளைத்தான் ஊருக்கு அனுப்பியாகிவிட்டதே.

கெட்ட எண்ணத்தோடு செய்தால் கத்தித் தீர்க்கலாம். நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்களை என்ன செய்வது? அதற்கு இன்னும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

கீழே இலை போட்டுவிட்டார்கள். பெண்ணைக் கொடுத்தவர்கள் சம்பந்தி வீட்டு இலையில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கலாமா? திறக்கலாம் – சாப்பிட. என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். சம்பந்தியம்மா “இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க, கூச்சப்படாதீங்க” என்று குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். கார்த்தி என் பக்கமாகக் குனிந்து, “அப்பா தெரியாமப் பண்ணிட்டாருங்க அத்தை. விடுங்க, வேற வாங்கிக்கலாம்” என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. வேற எதை வாங்குவீர்கள் மாப்பிள்ளை? உங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்கிற தைரியத்தையா? கேட்கவில்லை. ரசத்தோடு சேர்த்து முழுங்கினேன்.

கிளம்பும் முன் மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்: “துணியை எடுத்து வை. வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்.”

பக்கெட்டில் இருந்த மீன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அங்க வந்து? போன பெருநாளுக்குப் பெரியப்பா என் கையால காப்பி வாங்கிக் குடிக்கலையே, மறந்துட்டியா? பூசைக்குப் போனா எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கறாங்க. ‘சர்ச்ல கல்யாணம் வெக்கறதைப் பத்திப் பங்குச் சாமியார்கிட்ட எப்ப பேசப்போறே’ன்னு கேக்கறாங்க. இங்கயாவது வாங்க போங்கன்னு சொல்றாங்கம்மா.”

நான் எழுதிப் பிழைக்கிறவள். வாராவாரம் உங்களுக்கு நியாயம் சொல்கிறவள். அந்த ரூமில் நான் செய்ததெல்லாம், தூக்கி வந்த பேக்கைத் திறந்து அவள் துணியை அலமாரியில் அடுக்கியதுதான். எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அவர்கள் வாசலில் மருந்துத் தொட்டி கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் வாசலில் தெரியாது, அவ்வளவுதான்.

புதன்கிழமை போன் வந்தது. மீன் இரண்டும் பிழைத்துக்கொண்டன. தொட்டித் தண்ணியை மாற்றி மாற்றி, கரி போட்டு வடிகட்டி, மீன்களைத் திரும்ப விட்டிருக்கிறாள். ஆனால் கல்லும் மணலும் துத்தத்தைக் குடித்துவிட்டதாம். இனிமேல் அதில் இறாலோ நத்தையோ வைக்க முடியாதாம். அப்புறம் இன்னொன்று சொன்னாள்.

“அம்மா, மோட்டார்கிட்ட அது மறுபடி தலை தூக்கியிருக்கும்மா.”

எது? அதுதான். ஆசைப்பட்டு வாங்கியதெல்லாம் போய்விட்டது. யாரும் கூப்பிடாமல் வந்தது மட்டும் விஷத்தைக் குடித்துவிட்டுப் பொந்துக்குள் கிடந்து எழுந்து வந்திருக்கிறது. எப்படித் தப்பியது என்று அவளுக்கும் தெரியவில்லை.

“உங்க மாமா பார்த்தாரா?” என்றேன்.

“நானே கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன். ‘இன்னொருக்கா மருந்து உட்டரட்டுமா சாமி’ன்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“‘வேண்டாங்க மாமா. இது எங்கயும் போகாதுங்க. இங்கதான் இருக்குமுங்க’ன்னு சொன்னேன்.”

ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாளாம்... அந்த வீட்டில் கற்றுக்கொண்டது.