உப்புத்தொட்டிக்கு வயல் காற்று

என் வீட்டுக்காரர் சதீஷ் சிங்கப்பூரில் பதினோரு வருஷம் அடுத்தவர் வீட்டு மீன் தொட்டிகளைக் கழுவினார். சாதாரணத் தொட்டி இல்லை. கடல் மீன் வளர்க்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டி. போன சித்திரையில் பர்மிட் முடிந்து குடவாசலுக்கு வந்தவர், "இனிமே போகல வானதி, அந்த வேலைய இங்கயே பாப்போம்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வேலை கொடுக்க வருகிறவர்களுக்குக் காட்ட, அடுத்த மாதமே கூடத்தில் நாலடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. என் ஓய்வு அன்றோடு போயிற்று.

உப்பு என்றால் சும்மாவா? தண்ணீர் சூடாகக்கூடாது என்று தொட்டிக்கு விசிறிக்கொண்டிருந்த டேபிள் ஃபேன் மூன்றே மாதத்தில் துருப்பிடித்து நின்றது. எங்களுக்கு விசிற வேறு ஃபேன் கிடையாது. தண்ணீரை ஏற்றுகிற சின்ன மோட்டார் உப்புப் பொருக்கு ஏறி இறுகிக்கொண்டது. எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து ஓட வைத்தார். பாசி தின்ன விட்ட நத்தை ஒருநாள் வடிகுழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ள, கூடமெல்லாம் உப்புத்தண்ணீர். நாற்றங்காலைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வலையில் ஒரு துண்டு வெட்டி அந்தக் குழாயின் வாயில் கட்டினேன். அதற்கப்புறம் நத்தை உள்ளே போகவில்லை.

"பரவால்லயே" என்றார். அவ்வளவுதான். அந்த வலை ஏது, வயலில் என்ன நட்டிருக்கிறது, ஒரு வார்த்தை கேட்கவேண்டுமே! வீட்டை ஒட்டிய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைப் பதினோரு வருஷமாக ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறவள் நான். மீனுக்குத் தலைவலி என்றால் தாங்கமாட்டார் மனுஷன்.

தொட்டியில் ஸ்கிம்மர் என்று ஒன்று உண்டு. காற்றை இழுத்துத் தண்ணீரை நுரைக்க வைத்து, அழுக்கை நுரையோடு ஒரு கோப்பைக்குள் தள்ளும். அடைத்த வீட்டின் காற்று அதற்கு ஆகாதாம். "வயக்காத்துன்னா சுத்தமா இருக்கும்" என்று அதன் காற்று ட்யூபை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எங்கள் வயல்தான்.

ஐப்பசி முடிந்தும் ஒரு வேலை வரவில்லை. கார்த்திகையில்தான் திருவாரூரிலிருந்து டாக்டர் ஜஸீலா போன் செய்தார். அவர் வீட்டிலும் உப்புத்தொட்டி. ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் தொட்டியைப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் தன் தொட்டியை இவர் பொறுப்பில் விடுவதாகவும், தெரிந்த நாலு வீட்டுக்குச் சொல்வதாகவும் சொன்னார்.

"இதுவும் இல்லன்னா தையில சிங்கப்பூருக்கே கெளம்பிடுறேன்" என்றார் இவர். பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜெண்டிடம் போயிருந்தது. இவர் போகாமலிருக்க நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் நம்பியிருந்தேன்.

அந்த வாரம் பார்த்து மழை. புதனும் வியாழனும் கரண்ட் இல்லை. மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய், அதில் ஒரு குட்டிக் காற்று மோட்டாரை ஓட்டி மீன்களைக் காப்பாற்றினார். அந்த இரண்டு நாளில் என் சம்பாப் பயிரை இலைச்சுருட்டுப் புழு தின்றது. வெள்ளிக்கிழமை விடிகாலை மழை விட்டுக் கரண்ட் வந்து, பேட்டரி சார்ஜ் ஏறிக் கைக்கு வந்ததும் மருந்தடிக்க ஆளைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஸ்பிரேயரை நானே முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். காற்று வீட்டுப் பக்கமாக அடித்தது. புழுவைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை.

தொட்டியில் இருந்ததே இரண்டு கோமாளி மீன்கள்தான். மத்தியானத்துக்குள் இரண்டும் மல்லாந்துவிட்டன. இவர் மோட்டாரைக் கழற்றினார், உப்பை அளந்தார், சூட்டைப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. "என் கை ராசி அவ்வளவுதான்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவ எடுத்தேன். குப்பென்று மருந்து வாடை. அடிப்பாவி, உன் வேலையா இது என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

சொல்லவில்லை. சொன்னால், இந்த வயலால்தான் என் பிழைப்பு போச்சு என்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். வெறும் தொட்டியை வெறித்துப் பார்த்தார்.

"மீனே இல்லையே?"

"செத்துடுச்சு மேடம். என் தப்புதான்."

"என்ன தப்பு?"

"தெரியல மேடம்."

டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். டீயோடு வந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர் மேல ஒரு தப்பும் இல்லீங்க. நான்தான் கொன்னேன். வயல்ல மருந்தடிச்சேன், அந்த ட்யூப் அதை அப்படியே உள்ள இழுத்துருச்சு. கோப்பையை மோந்து பாத்தேன். ரெண்டு நாளா மறைச்சு வச்சிருந்தேன்."

டாக்டர் மறுபடியும் உட்கார்ந்தார். "எங்க வீட்டைச் சுத்தியும் வயல்தான். ரெண்டு வருஷமா கார்த்திகைன்னா மீன் சாகுது. வந்தவங்கல்லாம் மோட்டாரை மாத்துங்கன்னாங்க, மாத்துனேன். என் ட்யூபும் வெளியதாம்மா கெடக்கு!" இவர் பக்கம் திரும்பி, "காரணத்தைச் சொன்னது உங்க வீடுதான். நாளைக்கு வாங்க சதீஷ். இனிமே எங்க தொட்டி உங்க பொறுப்பு" என்றார்.

கார் போனதும் இவர் ட்யூபை உள்ளே இழுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன்.

"ஏன் மறைச்ச?"

"சொன்னா வயல ஏசுவீங்க."

ஏஜெண்டுக்குப் போன் செய்து பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டார். பிறகு, சாத்திய ஜன்னலை மறுபடி திறந்து பயிரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அடுத்த மருந்து எப்ப?"

"பத்து நாள் ஆகும்."

"யாரு அடிப்பா?"

"யாரு இருக்கா? நான்தான்."

"அந்த ஸ்பிரேயரு மருந்தோட எவ்வளவு கனம் இருக்கும் வானதி?"

இத்தனை வருஷத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "தூக்கிப் பாருங்க" என்றேன். ஸ்பிரேயரை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.