காது கேட்டேன், கண் கொடுத்தான்

முருகனை நம்பி வாழும் சொந்தங்களே, என் மகள் சரசுவுக்குக் காது கேட்காது என்பது அவளுக்கு மூன்று வயது முடிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதுவரை பிடிவாதக்காரி என்றே நினைத்திருந்தோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஊரே அலறினாலும் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

இது அறுபதுகளில் நடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டினோம். எண்ணெய் ஊற்றினோம், மந்திரித்தோம், கோயமுத்தூரில் டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு ஓடினோம். "நரம்பே வேலை செய்யலைங்க. மருந்துக்குக் கட்டுப்படாதுங்க" என்றார். அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? என்ன பாவம் பண்ணினார்களோ என்று என் காதுபடவே பேசினார்கள். என் காது நன்றாகக் கேட்டது, அதுதான் தொல்லை.

வெள்ளியில் காது செய்து சாத்துகிறேன் என்று மலைக்கோயில் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். கிருத்திகை தவறாமல் போனேன். தீபாராதனை முடிந்ததும் சரசுவுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பேன். அவள் திரும்ப மாட்டாள். அழுதுகொண்டே படி இறங்குவேன். "இன்னும் எதுக்குப் போற புள்ள?" என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் போனேன்.

பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சரசுவைத் தறிக்கூடத்துக்கே கூட்டிப் போவேன். அந்த இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. உதட்டை அசைத்தும் கை காட்டியும்தான் பேசுவோம். உள்ளங்கையை உயர்த்தினால் தறியை நிறுத்து என்று அர்த்தம். அவள் மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஓர் ஆடிக் கிருத்திகை. கோயிலிலிருந்து திரும்பிப் பல்லடத்தில் இறங்கினோம். நான் பையை இறக்குவதற்குள் சரசு ரோட்டைத் தாண்டிப் பலூன்காரரிடம் போய்விட்டாள். அவர் கொடுத்த பலூனையே பார்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நடந்தாள். ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி வேகமாக வந்தது. "சரசு, சரசு" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? கால் நகரவில்லை. முருகா, காதே வேண்டாம், அவளை என்னைப் பார்க்க மட்டும் வை என்று கெஞ்சினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

என் உள்ளங்கை தானாக உயர்ந்தது. ரோட்டோரத்தில் சட்டென்று நின்றாள். பஸ் எங்களுக்கு நடுவில் புகுந்து போனது. அது போய் முடிகிற வரைக்கும் பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. புழுதி அடங்கியபோது அதே இடத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது இறக்குவேன் என்று.

மறுநாளிலிருந்து தறிக்கூடத்துப் பேச்சையே வீட்டிலும் பேசினோம். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பிறகு காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். விடுதியில் விட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றும் அவள் தனியாக வெளியே போனால் திரும்பி வரும் வரை வாசலிலேயே நிற்கிறேன். அவளுக்குக் காது கேட்கவே இல்லை.

பள்ளியில் சேர்த்த பிறகு வந்த கிருத்திகைக்கு வெள்ளியில் கண்மலர் செய்து கொண்டுபோனேன். பூசாரி என்னைப் பார்த்தார்.

"காதுன்னு தானுங்க வேண்டியிருந்தீங்க?"

"ஆமாங்க சாமி. அவன் குடுத்தது இதுங்க."

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கலங்குகிறவர்களே, முருகனை நம்புங்கள். கேட்டது கிடைக்காவிட்டாலும் நம்புங்கள். பின்னால் நின்று கை தட்டியே காலத்தைக் கழித்தவள் சொல்கிறேன். பிள்ளைக்கு முன்னால் போய் உட்காருங்கள். முகம் கொடுத்துப் பேசுங்கள்.